திருப்புளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பழைய ஸ்பின்னிங் ரீல் வைத்திருக்கும் தூண்டில்காரர்களுக்கு,

இந்த மடல் அடி அண்ணாமலையிலிருந்து வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபக்கம் இருக்கிற ஊர். கோயில் குளத்து மீனுக்குப் பொரி தூவிப் பழகிய மண். கடல் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி வரை நூறு கிலோமீட்டர் போக வேண்டும். பக்கத்தில் பெரிய தண்ணீர் என்றால் தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டிய சாத்தனூர் அணைதான். அங்கேயும் மீன் பிடிக்க வருகிறவர்களைவிட வறுத்த மீன் தின்ன வருகிறவர்களே அதிகம். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ரீலைப் பற்றி ஒரு குரல் வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். பழையதைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பிய கைகள் அதை எப்படி அழிக்கும் என்பது கோயில் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் என் பதில். அப்பா விட்டுப்போன மிட்சல், தாத்தாவின் பெட்டியில் கிடந்த கார்டினல், பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய பென் என்று ஏதாவது ஒரு ரீலை வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து மேய்ந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கும் உங்களிடம் ஒரு முறையீடு இருக்கிறது. பழைய ரீல்களை மீனும் கொல்லவில்லை, காலமும் கொல்லவில்லை. சர்வீஸ்தான் கொல்கிறது.

மிகைப்படுத்திச் சொல்வதாகத் தோன்றினால் உங்கள் ரீலையே சாட்சிக்கு அழையுங்கள். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மீன்பிடித்ததால் வந்த தேய்மானம் ஒரு மாதிரி இருக்கும்: கைப்பிடிக் குமிழ் விரல் பட்டு வழுவழுப்பாகியிருக்கும், ராடில் பொருந்தும் பாதத்தில் பெயின்ட் உரிந்திருக்கும், நரம்பு ஓடி ஓடி ரோலரில் மெல்லிய கோடு விழுந்திருக்கும். எல்லாமே சீரான, மெதுவான, நேர்மையான தேய்மானம். சர்வீஸ் செய்ததால் வந்த காயம் வேறு மாதிரி. திருகாணித் தலையின் பிளவு கிழிந்து உதடு பிதுங்கியிருக்கும். நட்டின் ஆறு முகமும் கட்டிங் பிளேயர் கடித்து வட்டமாகியிருக்கும். பக்கமூடி உடலோடு சேரும் இடத்தில் கத்தி வைத்து நெம்பிய பிளவு தெரியும். மூன்று திருகாணிகள் ஒரு நிறம், நான்காவது வேறு நிறம், வேறு நீளம். முதல் வகைத் தேய்மானத்தோடு ஒரு ரீல் இன்னும் நாற்பது ஆண்டு சுற்றும். இரண்டாம் வகைக் காயம் பட்ட ரீலை அடுத்து யார் திறந்தாலும் இன்னொரு காயம் சேரும். சேதாரக் கணக்கில் எந்தப் பத்தி நீளம் என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

ஏன் இப்படி நடக்கிறது? ரீலை எந்தச் சாதியில் சேர்ப்பது என்பதில் நமக்குக் குழப்பம். கையால் சுற்றுகிறோம், தண்ணீரில் நனைக்கிறோம், சேற்றில் போடுகிறோம். ஆகவே அது சைக்கிள், தண்ணீர் பம்பு, தையல் மெஷின் வகையைச் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அது பிறந்த வீட்டை விசாரித்தால் கதை வேறு. மிட்சல் ரீல் பிறந்தது பிரான்சின் மேல் சவோய் மலைப்பகுதியில், குளூஸ் என்ற ஊரில், கார்பானோ - போன்ஸ் நிறுவனத்தில். குளூஸ் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். கடிகாரத் தொழில் கற்பிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பள்ளிக்கூடம் வைத்த ஊர். கார்டினல் வந்தது சுவீடனின் ஸ்வேங்ஸ்தா ஊரிலிருந்து, ஆபு நிறுவனத்திலிருந்து. 1921-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரே ‘கடிகாரத் தொழிற்சாலை’ என்ற சுவீடியச் சொல்லின் சுருக்கம்தான். பாக்கெட் கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்துகொண்டிருந்தவர்கள் பிறகு ரீலுக்கு வந்தார்கள். இந்த வகை ரீலின் முன்னோடியை 1905-ல் காப்புரிமை செய்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த்தோ இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலைத் தொழில் தெரிந்தவர். ஓடாமல் நிற்கும் கண்டிலிருந்து நூல் நுனி வழியாக நழுவுவதைப் பார்த்துப் பிறந்த யோசனை என்பார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (ஆனால் ‘ஸ்பின்னிங்’ என்ற பெயர் நூற்பிலிருந்து வந்ததில்லை; தண்ணீரில் சுழலும் போலி இரையிலிருந்து வந்தது.) உங்கள் கையில் இருப்பது கடிகாரத்தின் தம்பி. எச்எம்டி கைக்கடிகாரம் நின்றுபோனால் சைக்கிள் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவீர்களா?

முதல் குற்றவாளி திருப்புளி. வீட்டு டூல்ஸ் பெட்டியில் கிடக்கும் சாதாரண தட்டைத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். பழைய ரீல்களில் இருப்பதோ நேர்ச்சுவர் கொண்ட குறுகிய பிளவு. ஆப்பு முனை பிளவின் அடியைத் தொடாது. மேல் உதட்டில் மட்டும் உட்காரும். நீங்கள் திருகத் திருக அது மேலே ஏறி வழுக்கும். வழுக்கக் கூடாதென்று அழுத்துவீர்கள். அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய உதட்டின் மேல் இறங்கி அதைக் கிழித்துவிடும். பித்தளைத் திருகாணி என்றால் ஒரே சுற்றில் கதை முடிந்தது. தேவைப்படுவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர்களும் வாட்ச் ரிப்பேர்க்காரர்களும் வைத்திருக்கும், முனையில் இரு பக்கமும் இணையாக அரைத்த திருப்புளி. அது பிளவின் அகலத்துக்கும் நீளத்துக்கும் சரியாகப் பொருந்த வேண்டும், அடிவரை இறங்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு மலிவுத் திருப்புளியை வாங்கிச் சாணைக்கல்லில் உங்கள் திருகாணிக்கு ஏற்ப அரைத்துக்கொள்ளுங்கள். நீலம் பாய்கிற அளவு சூடேற விடாதீர்கள். முனையின் உறுதி போய்விடும்.

திருகாணி அசையவே இல்லையா? கடல் பக்கம் போய்வந்த ரீலில் அது இயல்பு. உடல் அலுமினியக் கலவை, திருகாணி பித்தளை அல்லது எஃகு, நடுவே உப்புத் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடும்; அதில் கரைவது அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாக மரைக்குள் உப்பி, திருகாணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கே பலத்தைக் காட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும்: தலை முறியும், அல்லது அலுமினிய மரை திருகாணியோடு உரிந்து வரும். பிறகு மரை கழன்றது ரீலுக்கா உரிமையாளருக்கா என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் இன்னொரு சொட்டு. திறக்கும் திசையில் திருகுவதற்கு முன் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைக்கப் பாருங்கள்; பொடியின் பிடி உடைவதற்கு அது போதும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். நாற்பது வருடமாக மூடிக் கிடந்த திருகாணிக்கு ஒரு வாரம் என்ன பெரிய தாமதம்?

இன்னொரு வகைத் திருகாணி உண்டு. அதில் துருவும் இருக்காது, உப்பும் இருக்காது. நீங்கள் தப்பான பக்கம் திருகிக்கொண்டிருப்பீர்கள். சைக்கிளின் இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பது நம் ஊர் சைக்கிள் கடைப் பையன்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம். சுழலும் திசையே அதைக் கழற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதே நியாயம் ரீலுக்கும் உண்டு. இடப்பக்கம் நேரடியாகத் திருகி ஏற்றும் கைப்பிடியை முன்னோக்கிச் சுற்றும்போது, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். வலமரை போட்டிருந்தால் மீன் இழுக்கும் நேரத்தில் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிடும். ஆகவே இடமரை. சில ரீல்களில் ரோட்டரைப் பிடித்திருக்கும் நட்டும் இப்படித்தான். எந்த நட்டைத் தொடுவதற்கு முன்பும், வேலை செய்யும்போது இது எந்தப் பக்கம் சுழல்கிறது, அந்தச் சுழற்சி இதை இறுக்குமா தளர்த்துமா என்று ஒரு கணம் யோசித்தாலே பாதிச் சேதம் தவிரும். யோசிக்காதவருக்குக் கட்டிங் பிளேயர் இருக்கிறது. பிளேயர் கடித்த நட்டுகளும் அதனால்தான் இத்தனை இருக்கின்றன.

மூடி திறந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் முன்னால் இருக்கும் ஆபத்து நீங்கள் கவனிக்காமல் விடப்போகிற ஒரு வாஷர். பெரிய கியரின் அச்சில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு என்று காகிதம் போன்ற உலோக வளையங்கள் கிடக்கும். கிரீஸில் ஒட்டி இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி, கியரின் பல்லும் அதோடு சேரும் பல்லும் எவ்வளவு நெருக்கமாகக் கவ்வ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அந்த எண்ணிக்கையை வைத்திருக்கிறார். துடைக்கும் துணியோடு ஒன்று போனாலோ, இடம் வலம் மாறினாலோ, பற்கள் இறுக்கமாகவோ தளர்வாகவோ கவ்வும். பத்து நாள் கழித்து ரீல் கரகரவென்று சுற்றும். நீங்கள் ‘வயசாகிவிட்டது’ என்று தீர்ப்புச் சொல்வீர்கள். பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று ஓடியே வடிவம் பெறுபவை. வார்ம் கியர் வைத்த பழைய கார்டினலிலும் பென்னிலும் இது இன்னும் உண்மை: அந்த ஜோடி ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி உரசி ஒரு பாதையைச் செதுக்கிக்கொண்டிருக்கும். வேறொரு ரீலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டால் அந்தப் பாதை பொருந்தாது. எனவே எடுத்த ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையிலேயே வையுங்கள். அஞ்சறைப் பெட்டியைவிடச் சிறந்த கருவி இதற்குக் கிடையாது. பெயருக்குத்தான் ஐந்து, கிண்ணம் ஏழு இருப்பதும் வசதி. கீழே ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். பெயில் கம்பியின் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ரீலையும் இரண்டு கைகளையும் ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பார்க்கக் கேலியாக இருக்கும். தாவிப் போன ஸ்பிரிங்கைக் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடுவது அதைவிடக் கேலி.

இனி கோயில் ஊர்க்காரர் என்ற முறையில் என் மனக்குறைக்கு வருகிறேன். எங்கள் பெரிய கோயில் சுவர்களில் சோழர் காலத்திலிருந்தே கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில், குடமுழுக்குக்குச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைக் காற்றழுத்தத்தில் வீசிக் கல்லைத் தேய்த்தார்கள். அழுக்கு போனது உண்மை. கூடவே கல்லின் தோலும் எழுத்தின் விளிம்பும் போயின. ஆயிரம் வருட மழை செய்யாததை ஒரு கம்ப்ரசர் செய்தது. அந்த முறைக்கே தடை போட வேண்டி வந்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகள் பிறப்பித்ததும், மரபுச் சின்ன ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் பழுதுபார்ப்புக்குக்கூடக் கைவைக்கக் கூடாது என்றதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். ரீலைக் கோயிலோடு ஒப்பிடுகிறேனே என்று கோபிக்காதீர்கள். அளவு வேறு, கைப்பழக்கம் ஒன்றே. பளபளப்புதான் சுத்தம் என்று நம்பும் கை, பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்த பழக்கத்தில் ரீலையும் தேய்க்கிறது. விளக்கு முழுப் பித்தளை, தேய்த்தால் உள்ளேயும் பித்தளைதான். ரீலின் மேலிருப்பது மிக மெல்லிய முலாம். பிராஸோ போட்டு நான்கு தேய்ப்பில் மங்கிய முலாம் மின்னும், ஐந்தாவதில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். தின்னரும் அசிட்டோனும் இன்னும் மோசம்: மிட்சலின் கறுப்புப் பெயின்ட்டும், கார்டினலின் பச்சையும் பாலாடை நிறமும், ஒட்டிய எழுத்துகளும், பிளாஸ்டிக் குமிழும் அதற்கு ஒன்றுதான், எல்லாவற்றையும் கரைத்துவிடும். வெளியுடலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத் பிரஷ் போதும். உள்ளே இருக்கும் உலோகக் கியர்களை மட்டும் தனியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். முழு ரீலையும் டப்பாவில் முக்கி ஊறவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அழுக்கு கரைந்து, நீங்கள் எட்ட முடியாத புஷ்ஷுக்குள் போய் உட்காரும். கடலிலிருந்து வந்ததும் குழாயை நீட்டிப் பீய்ச்சிக் கழுவுவதும் அதே தவறு: வெளியே இருந்த உப்பை உள்ளே ஏற்றுகிறீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். போர் தண்ணீர் என்றால் காய்ந்த பின் வெள்ளைப் படலம் விழும், அதையும் துடைத்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நம் சமையலறை நமக்கு எதிரி. கைக்கு எட்டுவது தேங்காயெண்ணெய், இல்லாவிட்டால் நல்லெண்ணெய். முதல் நாள் வெண்ணெய் போலச் சுற்றும். சமையல் எண்ணெய்த் தூக்கின் மூடி ஓரம் நாளடைவில் எப்படிப் பிசுக்கேறி, பிறகு நகத்தால் சுரண்ட வேண்டிய பழுப்புத் தோலாகிறது என்று கவனித்திருப்பீர்கள். தாவர எண்ணெய் பலவும் காற்றுப் பட்டால் அப்படித்தான் இறுகும். ரீலுக்குள்ளும் அதே தோல்தான் படியும். தையல் மெஷினுக்கு விடும் கனிம எண்ணெய் அப்படி இறுகுவதில்லை: கைப்பிடிக் குமிழுக்கு ஒரு சொட்டு, லைன் ரோலருக்கு ஒரு சொட்டு, பெயில் அச்சுகளுக்கு அரைச் சொட்டு. ‘டபிள்யூ-டி 40’ ஸ்பிரேயின் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. தண்ணீரை விரட்டுவது என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தும், நாற்பதாவது முயற்சியும். அது ஈரத்தை விரட்டட்டும், இறுகிய திருகாணியை இளக்கட்டும். கியர் பெட்டிக்குள் பீய்ச்சினால் இருக்கிற கிரீஸையும் கரைத்து ஓரத்தில் ஒதுக்கிவிடும். குற்றம் ஸ்பிரேயின் மேல் இல்லை. கியருக்கு மென்மையான கிரீஸ், பற்களில் படலமாகத் தெரியும் அளவுக்கு மட்டும். லாரிக்குப் போடும் கெட்டி கிரீஸை அடைத்து வைத்தால் அது பல்லிலிருந்து விலகி ஓரத்தில் சுவராக நிற்கும். பல் வறண்டே ஓடும். டிராக் வாஷர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஃபெல்ட்டோ தோலோ என்றால் அவை எண்ணெய் ஊறித்தான் வேலை செய்யும். பெட்ரோலில் கழுவினால் அப்பளமாகிவிடும். டெஃப்லான் என்றால் உலர்ந்தே இருக்க வேண்டும். எது எது என்று பார்க்காமல் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கழுவாதீர்கள். வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது டிராக் குமிழை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். அழுத்திக் கிடக்கும் வாஷர் அப்படியே சப்பிப் போகும்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள் தெரியும். ‘எல்லாவற்றையும் பிரித்தால்தானே முழுசாகச் சுத்தமாகும்?’ என்பது முதலாவது. பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு சேதம்தான். உப்புத் தண்ணீரில் முழுகி எழுந்த ரீலை அன்றே திறக்க வேண்டும். கிரீஸ் மெழுகாக இறுகிக் கைப்பிடி கனமாகச் சுற்றினால் திறக்க வேண்டும். இறுகிய ரீலை வலுக்கட்டாயமாகச் சுற்றுவது பல்லை நெரிப்பதாகும். நம் பக்கத்து நாற்பது டிகிரி வெயிலில் அட்டத்திலும் தகரப் பெட்டியிலும் முப்பது வருடம் கிடந்த கிரீஸில் எண்ணெய் பிரிந்து வெறும் சோப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். அதையும் எடுத்தாக வேண்டும். என் வாதம் எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றியது. பக்கமூடி, கியர், ஸ்பூல், டிராக், ரோலர் இவற்றோடு வருடாந்தர வேலையில் பத்தில் ஒன்பது பங்கு முடிந்துவிடும். அழுத்திப் பொருத்திய புஷ், ரிவெட் அடித்த பெயில் தாங்கி, நன்றாகச் சுற்றும் ரோட்டர் இவற்றைக் கழற்றுவதால் கிடைக்கும் சுத்தம் கொஞ்சம், போகக்கூடியது ரீலே. பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சுற்றிப் பார்த்து, அங்கேயே விட்டுவிடலாம். இப்படிப் பிரிக்காமல் விட்ட பாகத்தால் ரீல் சாவது அபூர்வம்.

‘வீடியோவைப் பார்த்துத்தான் செய்கிறேன்’ என்பீர்கள். நல்லது, ஆனால் மிட்சல் 300 என்ற ஒரே பெயரில் பல பத்தாண்டுகள் ரீல் வந்தது. பெயர் மாறவில்லை, உள்ளே ஸ்பூலை மேலும் கீழும் அசைக்கும் அமைப்பு முதற்கொண்டு மாறிக்கொண்டே இருந்தது. வீடியோவில் இருப்பது அவருடைய ஆண்டு, உங்கள் கையில் இருப்பது உங்களுடைய ஆண்டு. ஸ்பூலைக் கழற்ற நடுப்பொத்தானை அழுத்தினால் போதும் என்பதை அறியாமல், மற்ற ரீல்களில் செய்வதுபோல் டிராக் குமிழைத் திருகித் திருகி இழுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ. ‘பார்ட்ஸ் கிடைக்கிறதே’ என்பது அடுத்த வாதம். கிடைக்கிறது, வெளிநாட்டிலிருந்து. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று கதை முடியும். 1991-க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், கப்பலில் வேலை பார்த்தவர், சிங்கப்பூர், மலேயா, வளைகுடா போய் வந்தவர் என்று யாரோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவையாகத்தான் இங்குள்ள பழைய ரீல்களில் பெரும்பாலானவை இருக்க வேண்டும். அவற்றின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. ஒரு ரீலின் ஸ்பிரிங்குக்காக இன்னொரு நல்ல ரீலைக் கூறுபோடும்போது இரண்டில் ஒன்று குறைகிறது. லேத் பட்டறை இருக்கிறதே என்பீர்களானால் மனமார வரவேற்கிறேன். அம்பத்தூரிலும் கோவையிலும் ஒரு பித்தளைப் புஷ்ஷையோ வாஷரையோ அச்சு அசலாகக் கடைந்து தரும் கைகள் உண்டு. தேய்ந்த பழையதை அளவுக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் அதையும் திருப்பி வாங்கிவிடுங்கள். பழைய உடலில் புது மரை போடுவதற்காகத் துளையைப் பெரிதாக்குவதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். அந்தத் துளை மறுபடி சின்னதாகாது.

நோயே இல்லாத இடத்தில் வைத்தியம் பார்ப்பதும் ஒரு பெரிய சேதம். பின்னோக்கிச் சுற்றினால் கைப்பிடி கொஞ்சம் ஆடித்தான் நிற்கிறது என்று குறைப்படுகிறீர்கள். பழைய ரீல்களில் பின்சுழற்சியைத் தடுப்பது ஒரு பற்சக்கரமும் அதில் விழும் கொக்கியும். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரை அது ஆடத்தான் செய்யும். அந்தக் கொக்கியின் ஸ்பிரிங்கை வளைத்து ‘சரிசெய்தால்’ பழைய ஆட்டம் அப்படியே இருக்கும், புதிதாக ஒரு டக் டக் சத்தமும் சேரும். அப்படியே, பின்னல் நரம்பைச் சுற்றி டிராக்கை இறுக்கி மூடிவிட்டுப் பெரிய மீனை எதிர்பார்ப்பதும் பழுது கேட்டு வாங்குவதுதான். இந்த ரீல்கள் இழுத்தால் நீளும் நைலான் தங்கூசியை நினைத்து வடிவமைத்தவை; அந்த நீட்சிதான் அதிர்ச்சியில் பாதியை வாங்கிக்கொள்ளும். நீளாத நரம்பில் மொத்த அடியும் கியர் பல்லில் விழும். இதைச் சொன்னால், ரீலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை செய்யச் சொல்கிறாயா என்று சிலர் சீறுவார்கள். இல்லை. பயன்படுத்துங்கள், மீன் பிடியுங்கள், தேயட்டும். தேய்ந்து போவது ரீலின் உரிமை. கிழிந்த திருகாணியால் மேசையறையில் முடங்குவதுதான் அதற்கு நேரும் அநியாயம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஞாயிறு அந்த ரீலைப் பிரிக்க உட்காரும்போது முதல் அரை மணி நேரம் எதையும் திருகாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். சுற்றிப் பாருங்கள், காதில் வைத்துக் கேளுங்கள், எது உண்மையில் கோளாறு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் இல்லாத எதையும் அன்று திறக்க வேண்டாம். திருப்புளி பொருந்தாத திருகாணியை, பொருந்தும் திருப்புளி கிடைக்கும்வரை விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் கடை வைத்துக்கொண்டு, செல்போன் வந்த பிறகு வேலை குறைந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் இருந்தால், அவரிடம் ரீலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மீனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, கூலியை மட்டும் பேரம் பேசாதீர்கள். கழற்றி மாற்றிய பாகம் எவ்வளவு தேய்ந்ததாக இருந்தாலும் குப்பையில் போடாமல் ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு ரீலோடு வையுங்கள். கடைசியாக, வேலை முடிந்ததும் இரண்டு விரல் அகலத்தில் ஒரு சீட்டு எழுதி அந்தப் பையிலேயே போடுங்கள்: தேதி, விட்ட எண்ணெய், போட்ட கிரீஸ், கியரின் எந்தப் பக்கம் எத்தனை வளையம் இருந்தது, எந்த நட்டுக்கு இடமரை, எந்தத் திருகாணியைத் திறக்க முடியாமல் விட்டீர்கள் என்பது. உங்களுக்குப் பிறகு அதைத் திறக்கப்போகிறவர் பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும். கையெழுத்து அவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

அன்புடன்,
அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர்